கண்ணீருக்கும் ஓர் அளவுண்டு

(அறக்கட்டளையின் மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் எனக்கு இலக்கியத் தலைப்பே தருவது வழக்கம். நன்னூல், சிந்தாமணி, நாலடியார் என்று ஒவ்வோராண்டும் ஒன்றைப் பேசி வந்தேன். இவ்வாண்டு நானே பொறுப்பாளர்களை அணுகி, 'கண்ணீரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்' என்றேன். அவர்கள் சிந்தாமணியின் சோகக் காட்சிகளைச் சொல்லப் போகிறேன் என்று எண்ணி இசைந்துவிட்டார்கள். நான் பேசப் போவது கண் மருத்துவர் அளக்கும் கண்ணீரைப் பற்றி. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என் கண்ணும் என் தமக்கையார் கண்ணும் பட்ட பாடே இவ்வுரையின் பொருள். தமக்கையார் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் இசைவைப் பெற்றே அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

காட்டுமன்னார்கோயிலில் வாழ்வோர்க்குக் காற்று புதிதன்று. வீராணம் ஏரிக் கரைமேல் இலால்பேட்டைப் பக்கம் வண்டியில் சென்றால் முகத்தில் அறையும் காற்று. பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, அக்காற்று பட்டவுடன் என் இரு கண்களிலிருந்தும் நீர் தாரை தாரையாக வழியத் தொடங்கியது. முதலில் காற்றில் மட்டும் வழிந்தது. பிறகு வீட்டில் மின்விசிறியின் கீழும் வழிந்தது. உறவினர் திருமணம் ஒன்றில் மணமக்களை வாழ்த்த மேடையேறினேன். ஒளிப்படக்காரரின் விளக்கு பட்டதும் கன்னம் நனைந்தது. மணமகளின் தந்தை என் கையைப் பற்றிக்கொண்டு, 'பெண்ணை நீங்கள் படிக்க வைத்த பாசம் ஐயா' என்று தாமும் கண் கலங்கினார். உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கடக்க முடியாதது ஒன்று இருந்தது. மாலை வேளைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சில குடும்பத்தார் கூடுவர். நான் சாத்திர நூல் ஒன்றை வாசித்துப் பொருள் சொல்வேன். முப்பதாண்டு வழக்கம் அது. இரண்டு வரி வாசித்தால் மூன்றாம் வரி கலங்கும், இமைத்தால் தெளியும், மீண்டும் கலங்கும். கண்ணாடியை மூன்று முறை மாற்றினேன். எழுத்தின் மேல் ஒரு மெல்லிய திரை விழுந்து விழுந்து விலகுவது போலிருந்தது. நூலை மூடிவைத்துவிட்டு மனப்பாடமாக இருந்ததைச் சொல்லி ஒப்பேற்றினேன். நாளடைவில் அதுவும் நின்றது. ஏறத்தாழ ஈராண்டுகள் நான் நூலைத் தொடவில்லை. ஆசிரியனாக வாழ்ந்தவனுக்கு அஃது எத்தகைய நிலை என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள்.

மருத்துவரிடம் போகாமல் இல்லை. ஓரிடத்தில், கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டை மாட்டிப் பார்த்தார்கள். காகிதம் நன்றாக நனைந்தது. 'நீர் போதுமான அளவு இருக்கிறது, வறட்சி இல்லை, ஒவ்வாமைதான்' என்று ஒரு சொட்டு மருந்தும், இரவில் விழுங்க ஒரு மாத்திரையும் தந்தார்கள். மாத்திரையை விழுங்கினால் நன்றாகத் தூக்கம் வந்தது. காலையில் கண்ணில் மணலைக் கொட்டியது போலிருந்தது. ஒவ்வாமைக்குத் தரும் அத்தகைய மாத்திரைகள் பலவும் கண்ணீர்ச் சுரப்பைக் குறைப்பவை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அந்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. அவர் ஒன்றை அளந்தார். அளந்ததைச் சரியாகவே சொன்னார். ஆனால் அளக்க வேண்டியது அந்த ஒன்று மட்டும் இல்லை.

பிறகு வேறொரு மருத்துவமனையில் ஓர் இளம்பெண் மருத்துவர் என்னைப் பார்த்தார். என் மாணவியர் வயதுதான் இருக்கும். கண்ணைத் தொடுவதற்கு முன்னே ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு பன்னிரண்டு வினாக்களைக் கேட்டார். வெளிச்சம் கூசுகிறதா, காற்றில் உறுத்துகிறதா, வாசிக்கும்போது துன்பம் உண்டா, கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டார். வாழ்நாளெல்லாம் மதிப்பெண் போட்டவன் அன்று மதிப்பெண் வாங்கினேன். அதிக மதிப்பெண் வாங்குவது அங்கே நல்லதன்று என்றும் தெரிந்துகொண்டேன்.

அடுத்து, ஃபுளோரசீன் என்னும் சாயம் தோய்ந்த சிறு காகித முனையை நனைத்து இமையின் உட்புறத்தில் மெல்லத் தொட்டார். 1871-இல் செருமானிய வேதியியலர் அடால்ஃப் வான் பேயர் உருவாக்கிய சாயம் அது. உயிர்ப்பொருள் எதிலிருந்தும் எடுக்கப்படுவதன்று. நம்மவர் கேட்பார்களே என்று நானும் கேட்டு வைத்தேன். சாயம் கண்ணில் பரவியதும், ஸ்லிட் லாம்ப் எனப்படும் கருவியின் முன் தாடையை வைக்கச் சொல்லி, நீல ஒளியைப் பாய்ச்சி, 'சில முறை இமையுங்கள் ஐயா. பிறகு நான் சொல்லும்வரை இமைக்காதீர்கள்' என்றார். அந்நேரத்தில் அவர் காண்பது, விழியின்மேல் பச்சையாக ஒளிரும் ஒரு நீர்த்திரை. அத்திரை எப்போது கிழிந்து முதல் கரும்புள்ளி தோன்றுகிறதோ, அதுவரை நொடிகளை எண்ணுவார். கண்ணீர்த் திரை உடையும் நேரம் என்று இதற்குப் பெயர். டென்மார்க் நாட்டு மருத்துவர் நோர்ன் 1969-இல் இதை முறைப்படுத்தி எழுதினார். பத்து நொடிக்கு மேல் திரை நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. என் வலக்கண்ணில் நான்கு நொடி, இடக்கண்ணில் மூன்று.

'ஐயா, உங்களுக்குக் கண் வறட்சி' என்றார் அவர்.

கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருக்கும் ஒருவனிடம் சொல்லும் சொல்லா அது? எனக்கு நகைப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் விளக்கியபோது, எனக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுக்கிறார் ஆசிரியர்: பிறர் இகழ்தலால், இழப்பால், தளர்ச்சியால், வறுமையால். அந்த நான்காவதாகிய வறுமையைப் பொருள் இன்மை என்றே முப்பதாண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். கண்ணீரே வறுமைப்பட்டாலும் கண்ணீர் பெருகும் என்பதை அன்று கற்றேன். விழியின் மேற்பரப்பு உலர்ந்தவுடன் அங்குள்ள நரம்பு முனைகள் துன்புற்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை, வெங்காயம் நறுக்கும்போது செய்வது போல, பெரிய கண்ணீர்ச் சுரப்பியைத் திறந்துவிடுகிறது. அவ்வெள்ளம் விழியில் தங்காமல் வழிந்து போகிறது, விழி மீண்டும் உலர்கிறது, மீண்டும் வெள்ளம். முன்பு அளந்த காகிதம் நனைந்தது இவ்வெள்ளத்தால்தான்.

இதை என் ஊரைக்கொண்டே சொல்கிறேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வருகிறது. ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம் 47.50 அடி. எங்கள் ஊரில் தேநீர்க் கடையில் நிற்பவரும் 'இன்றைக்கு ஏரி எத்தனை அடி' என்றுதான் பேச்சைத் தொடங்குவார். ஆனால் அந்த அடிக்கணக்கு ஒன்றை மட்டும் வைத்து ஏரியின் நலத்தைச் சொல்லிவிட முடியுமா? எத்தனை கன அடி வருகிறது, சென்னைக்கு எவ்வளவு போகிறது, பாசன மதகுகளில் எவ்வளவு போகிறது, கோடையில் வெயில் எவ்வளவு குடிக்கிறது, அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்பனவெல்லாம் சேர்ந்தல்லவா ஏரியின் கணக்கு! கண்ணிலும் அப்படியே.

விழியின்மேல் படர்ந்துள்ள நீர்த்திரையின் தடிப்பு ஏறத்தாழ மூன்று மைக்ரான். நம் தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கும் இராது. ஒரு கண்ணில் எப்போதும் உள்ள கண்ணீரின் அளவு ஏழு மைக்ரோ லிட்டர் அளவே. மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு முப்பது முதல் ஐம்பது மைக்ரோ லிட்டர் இருக்கும். ஆகவே ஒரு சொட்டே மிகுதி. 'நன்றாகக் கேட்கட்டும்' என்று மூன்று சொட்டு விடுவது கன்னத்துக்கு மருந்திடுவதாகும். என் மனைவியார் இக்கணக்கைக் கேட்ட பிறகுதான் ஒரு சொட்டோடு நிறுத்தினார்.

அந்த மெல்லிய திரையிலும் வேறு வேறு பகுதிகள் உண்டு. விழியை ஒட்டி வழுவழுப்பான சளிப்பொருள். அது நீரை விழியோடு பிடித்துவைக்கிறது. அதனோடு கலந்து நீர். எல்லாவற்றுக்கும் மேலே மிகமிக மெல்லிய எண்ணெய்ப் படலம். இமையோரத்தில் மயிர்க்கால்களுக்கு உட்புறமாக வரிசையாக உள்ள சுரப்பிகள் அந்த எண்ணெயைத் தருகின்றன. 1666-இல் ஹைன்ரிக் மைபோம் என்னும் செருமானிய மருத்துவர் அவற்றை விரித்தெழுதியதால் அவர் பெயராலேயே அவை வழங்குகின்றன. எண்ணெய் போதவில்லையென்றாலோ, நெய் உறைவது போல உறைந்து சுரப்பியின் வாயை அடைத்துக்கொண்டாலோ, நீர் எவ்வளவு சுரந்தாலும் ஆவியாகிப் போகும். எனக்கு நேர்ந்தது அதுதான். மருத்துவர் என் கீழ் இமையை விரலால் மெல்ல அழுத்தினார். தெளிந்த எண்ணெய் வரவேண்டிய இடத்தில் பற்பசை போன்ற ஒன்று வந்ததாகச் சொன்னார்.

நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். கோடையில் ஏரி விளிம்பில் பூக்கும் உவரைப் பார்த்தவர்களுக்கு இது சொல்ல வேண்டியதில்லை. கண்ணீரின் இந்த உவர்ச் செறிவையும் இப்போது அளக்கிறார்கள். இமையோரத்திலிருந்து ஐம்பது நானோ லிட்டர் கண்ணீரைத் தொட்டெடுத்து, சில நொடிகளில் எண்ணைச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. 308 என்னும் எண்ணைத் தொட்டாலோ, இரண்டு கண்களுக்கும் இடையே எட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ ஐயத்துக்கு இடமுண்டு என்று 2017-இல் உலக நாடுகளின் வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எண்ணெய்ப் படலத்தின் தடிப்பை, மழைநாளில் சாலையில் சிந்திய பெட்ரோலின்மேல் தோன்றும் வானவில் நிறங்களைக்கொண்டு கணிப்பது போல, ஒளியின் நிறங்களைக்கொண்டு அளக்கும் கருவியும் உண்டு. இவை எல்லா ஊரிலும் கிடைப்பவை அல்ல. எல்லார்க்கும் தேவையும் இல்லை. ஒரு சாயமுனை, ஒரு நீல விளக்கு, நொடி எண்ணப் பொறுமையுள்ள ஒரு மருத்துவர் ஆகியவை இருந்தாலே பெரும்பாலானோர்க்குப் போதும்.

எனக்குச் சொன்ன மருத்துவமும் எளியதுதான். நாள்தோறும் இருவேளை, கை பொறுக்கும் சூட்டில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைகளின்மேல் சில நிமிடம் வைத்து, பிறகு இமையோரத்தை மெல்ல நீவிவிட வேண்டும். கெடாமல் இருக்க மருந்து சேர்க்காத கண்ணீர்ச் சொட்டு ஒன்று. ஒவ்வாமை மாத்திரை நிறுத்தம். இரண்டு திங்கள் கழித்து வலக்கண்ணில் எட்டு நொடி நின்றது. அன்று மாலை ஈராண்டுகளாக மூடியிருந்த நூலை எடுத்தேன். இரண்டு பக்கம் வாசித்தேன். கூடத்தில் மூவர்தாம் இருந்தார்கள்.

இனி என் தமக்கையார் செய்தி. சொல்லப்போனால் இதற்காகத்தான் மேடை கேட்டேன்.

அவர் செஞ்சிப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அட்டமி, சதுர்த்தசி இரண்டிலும் நீரும் அருந்தாமல் உபவாசம் இருந்து, மறுநாள் பாரணை செய்வது திருமணத்துக்கு முன்பிருந்தே அவர் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அத்தான் மறைந்தார். அவ்வளவு பெரிய இழப்பில் தமக்கையாரின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் வரவில்லை. அமர்ந்தது அமர்ந்தபடி இருந்தார். சுற்றிலும் இருந்த பெண்களில் சிலர் 'கல் நெஞ்சு' என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. நானும் அவரைத் தேற்றவேண்டும் என்று எண்ணினேனே ஒழிய, அந்தச் சொல்லை மறுத்துப் பேசவில்லை. அதற்கடுத்த ஆண்டு முதல் உபவாச நாளில் நடுப்பகலுக்கு மேல் தாங்காமல் தண்ணீர் குடிக்கலானார். முதலில் மறைவாக, பிறகு எல்லாரும் அறிய. வீட்டில் பேச்சு எழுந்தது. 'வயதானால் பற்று குறையும்' என்றார் ஒருவர். அவரே என்னிடம், 'விரதத்தைக் கெடுத்துக்கிட்டேன்டா தம்பி, வாயெல்லாம் மணலா இருக்கு' என்று தொலைபேசியில் சொன்னார். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. பயனற்ற ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

என் கண்ணை அளந்த கதையை அவரிடம் வேடிக்கையாகச் சொன்னபோது, 'உனக்காவது தண்ணி வருது. எனக்கு வெங்காயம் அரிஞ்சாக்கூட வரல்லையே' என்றார். அந்த ஒரு சொல்தான் என்னை உலுக்கியது. மறுவாரமே அழைத்துச் சென்றேன்.

அவருக்குத் திரை உடையும் நேரத்தைப் பார்த்த பின் காகிதச் சோதனையும் செய்தார்கள். இதற்கு ஷிர்மர் சோதனை என்று பெயர். ஓட்டோ ஷிர்மர் என்னும் செருமானிய மருத்துவர் 1903-இல் எழுதிய முறை. நூறாண்டு கடந்தும் நிற்கிறது. 5 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வடிதாள் துண்டின் முனையை மடித்துக் கீழ் இமையின் வெளிப்பக்கமாக மாட்டுவார்கள். ஐந்து நிமிடம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பத்து, பதினைந்துக்கு மேல் நனைந்தால் நீர்ச்சுரப்பில் குறையில்லை எனலாம். ஐந்துக்குக் கீழே போனால் குறை பெரிது. தமக்கையாருக்கு வலக்கண்ணில் 2, இடக்கண்ணில் 1. அந்தத் தாளை மருத்துவர் கையில் வாங்கிப் பார்த்தேன். மடித்த முனைக்குக் கீழே ஈரம் படிந்த இடம் அரிசிமணி அளவுகூட இல்லை.

எனக்கு ஏமாற்றம் அளித்த அதே காகிதம் அவருக்கு உண்மையைச் சொன்னது. நீரே சுரவாத வறட்சி ஒருவகை. சுரந்தும் நில்லாத வறட்சி மற்றொரு வகை. இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

மருத்துவர் உடனே கண்ணை விட்டுவிட்டு வாயைப் பற்றிக் கேட்டார். சோறு விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறதா? பற்கள் விரைவாகச் சொத்தையாகின்றனவா? காலையில் விரல் மூட்டுகள் விறைக்கின்றனவா? எல்லாவற்றுக்கும் ஆம். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் 1933-இல் தம் ஆய்வேட்டில் விரித்துரைத்த நோய் இது. உடலின் காப்புப் படையே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் பகையெனக் கருதித் தாக்குவது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கே பெரிதும் வருகிறது. நடுவயதுக்கு மேல் மிகுதி. மூட்டு நோய் மருத்துவரிடம் அனுப்பினார்கள். குருதிச் சோதனை நடந்தது. ஒரு கிண்ணத்தில் உமிழச் சொல்லி உமிழ்நீரையும் அளந்தார்கள். நிமிடத்துக்கு 0.1 மில்லி லிட்டரோ அதற்கும் குறைவோ இருந்தால் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். 'கண்ணீரையும் அளந்தாச்சு, எச்சிலையும் அளந்தாச்சு. இன்னும் என்ன பாக்கி' என்று தமக்கையார் கேட்க, அங்கிருந்த செவிலியர் சிரித்துவிட்டார்.

நோய் உறுதியான அன்று, திரும்பும் பேருந்தில் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, 'அவர் போனப்ப எனக்கு அழுகை வரலைன்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன்டா' என்றார். அன்று பேருந்தில் காற்று பட்டு என் கண்ணில் வழிந்த நீரைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

நீரருந்தா உபவாசம் இனி உடலுக்கு ஏற்றதன்று என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அறநூல் கற்ற பெரியவர் ஒருவரை நாடி முறை கேட்டு, இப்போது நீர் உண்டு, ஒருவேளை உணவு என்று விரதத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். வீட்டில் 'பற்று குறைந்தது' என்று சொன்னவருக்கு அந்த வடிதாளின் கதையை நானே போய்ச் சொன்னேன். ஆண்டுகள் பல கடந்து சொன்னேன் என்பதும் உண்மை.

நம் குடும்பங்களில் எழும் வேறு சில ஐயங்களையும் சொல்லியாக வேண்டும். தமக்கையாருக்கு எழுந்தவை அவை. கதிரவன் மறைந்த பின் எதையும் உட்கொள்ளாதவர்கள் இரவில் சொட்டு மருந்து விடலாமா? மருந்து தொண்டையில் கசக்கிறதே என்றார் அவர். கசப்பது உண்மைதான். கண்ணின் உள்மூலையில் உள்ள நுண்துளை வழியாகக் கண்ணீர் மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. சொட்டு விட்டவுடன் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து பெரும்பாலும் கண்ணிலேயே தங்கும். தொண்டைக்குப் போவது குறையும். மருந்தும் நன்றாக வேலை செய்யும். அவர் அப்படித்தான் செய்கிறார். பிறர் எப்படிக் கொள்வார்கள் என்பது அவரவர் விரதநெறியைப் பொறுத்தது. நான் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவன் அல்லேன்.

கண் வறட்சிக்கு மீன் எண்ணெய் மாத்திரை உதவும் என்று சிலர் எழுதித் தருகிறார்கள். அக்கம்பக்கத்தார் பரிந்துரைப்பதும் உண்டு. உயிர்க்கொலை அஞ்சும் நாம், மருந்துக்குத்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு விழுங்குவதா என்று தவித்தவர்களை நான் அறிவேன். அமெரிக்காவில் 535 பேரைக்கொண்டு ஓராண்டு நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2018-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர்க்கு நாளொன்றுக்கு 3000 மில்லிகிராம் மீன்வழி ஒமேகா-3. மற்றவர்க்கு ஆலிவ் எண்ணெய். இரு பிரிவினர்க்கும் ஓரளவு குணம் தெரிந்தது. ஆனால் மீன் எண்ணெய் ஆலிவ் எண்ணெயைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க வகையில் உயர்ந்ததாக இல்லை. மருத்துவரிடம் தயங்காமல் இதைச் சொல்லி வேறு வழி கேளுங்கள். கண்ணீர்ச் சொட்டுகளில் பெரிதும் பயன்படும் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் என்பது தாவர நாரிலிருந்து செய்யப்படுவது.

வீட்டு மருத்துவம் பற்றி ஒரு சொல். விளக்கெண்ணெய் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று விடுகிறோம். சில கண் மருந்துகளில் ஆமணக்கெண்ணெய் சேர்வது உண்மையே. ஆனால் அது கிருமி நீக்கியது, செக்கிலிருந்து வந்ததன்று. அதைவிடப் பெரிய தீங்கு, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு. விட்டவுடன் சிவப்பு மாறும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தம் கூடிப் பார்வை நரம்பையே கெடுக்கும். எங்கள் தெருவிலேயே பழைய சீட்டைக் காட்டி ஈராண்டு வாங்கி விட்டவர் உண்டு.

கண்புரை அறுவைக்குக் காத்திருக்கும் பெரியவர்களும் கண்ணீர்த் திரையைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. உள்ளே வைக்கும் வில்லையின் அளவைக் கணக்கிட விழியின் வளைவை அளக்கிறார்கள். திரை சீராக இல்லையென்றால் அந்த அளவே பிழைபடலாம். அறுவைக்குப் பின் வறட்சி சில காலம் மிகுவதும் உண்டு. பேரப்பிள்ளைகளைப் பற்றியும் கேட்பீர்கள். இயல்பாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கும் நாம், கைப்பேசியை உற்றுப் பார்க்கும்போது ஐந்தாறு முறையே இமைக்கிறோம், அதுவும் அரைகுறையாக. இமைதான் எண்ணெயைப் பரப்பும் கை. சிறுவர்களுக்குக் காகிதத்துக்கு மாறாக மஞ்சள் நிற நூலிழை ஒன்றை இமையில் மாட்டிப் பதினைந்தே நொடியில் அளக்கும் முறை உண்டு. கண்ணீர் பட்ட அளவுக்கு நூல் சிவக்கும். ஜப்பானியர் 1983-இல் கொணர்ந்தது.

எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்தார்க்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடலூர்–புதுவைச் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இருக்கிறது. சென்னையில் இருப்போர்க்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. ஏறத்தாழ இருநூறாண்டாகக் கண்ணையே பார்த்துவருகிறது.

போகும் நாளன்று சிலவற்றைக் கருத்தில் கொள்ளுங்கள். சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்தே எந்தச் சொட்டும் விடாதீர்கள். விட்டால் அளப்பது மருந்தை, கண்ணீரை அன்று. மையும் தீட்டாதீர்கள். வாயால் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். தூக்கம், ஒவ்வாமை, மன அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் பல கண்ணை உலர்த்துபவை. நொடி எண்ணும் சோதனையை முதலிலும் காகிதச் சோதனையைப் பின்னரும் செய்வதே முறை. காகிதம் உறுத்திவிட்டால் திரை கலைந்துவிடும். அளந்த எண்களைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். வாய் உலர்கிறதென்றால் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தமக்கையாரின் சீட்டும் என் சீட்டும் என் பையில்தான் இருக்கின்றன. உணவு இடைவேளையில் பார்க்க விரும்புவோர் வரலாம்; நாங்கள் இருவரும் அந்தத் தூணருகே அமர்ந்திருப்போம்.